சிம்கோ ஏரிக்குக் குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள்

ஸ்காபரோவில் இருந்து 404 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் சிம்கோ ஏரி வந்துவிடும். ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அது கோடைகால இடம். சிபல்ட் பொயின்ற் பூங்காவில் ஒரு மேசையைப் பிடித்து, கோழியை அடுப்பில் போட்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் பொழுது படும்வரை கதைத்துக்கொண்டிருப்போம். மீன்பிடி ஆசை உள்ளவர்களும் ஜூலையில்தான் தடியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் அந்த ஏரியில் கோடையில் சின்னப் படகிலும் மாசியில் ஐஸில் துளை போட்டும் இருந்து பார்த்துவிட்டேன். மீன் பிடிக்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் குளிர்காலத்தில் போவதுதான் நல்லது என்பது என் முடிவு. குளிர் என்றவுடன் பக்கத்தை மூடிவிடாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

முதலில் படகுக் கதை. ஏரியின் தெற்கு வாலில் குக்ஸ் பே என்று ஒரு குடா இருக்கிறது. அங்கே ஒரு மரினாவில் 14 அடி அலுமினியப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம், பின்னால் 9.9 குதிரைவலு மோட்டர். நான், மச்சான், சித்தப்பா. மோட்டர் படகு ஓட்டக் கனடாவில் ஒரு அட்டை எடுக்க வேண்டும், வாடகைப் படகென்றால் அவர்கள் ஒரு பட்டியலை வாசித்து விளக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவார்கள். ஆளுக்கொரு மிதவை அங்கி. இரைக்கு டியூ வோர்ம், அதாவது கொழுத்த மண்புழு, காகிதக் கோப்பையில் அடைத்துப் பெற்றோல் ஸ்டேஷன் குளிர்ப்பெட்டியிலேயே விற்கிறார்கள், பாலுக்குப் பக்கத்தில்.

குக்ஸ் பே ஆழம் குறைவு, பாசியும் கொடியும் அதிகம். அதற்குள் விழுகிற ஹொலண்ட் ஆறு, கரட்டும் வெங்காயமும் விளைகிற ஹொலண்ட் சதுப்பு நிலத்தைத் தொட்டுக்கொண்டு வருவதால் உரத்தின் பொஸ்பரஸையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுகிறது. அது போதாதென்று 1990களில் வரிச்சிப்பிகள் வேறு ஏரியில் பெருகின. ஐரோப்பாப் பக்கத்தில் இருந்து கப்பல்களின் அடித்தண்ணீரோடு பேரேரிகளுக்கு வந்து, அங்கிருந்து பரவியவை. அவை தண்ணீரை வடித்து வடித்துக் கண்ணாடியாக்கிவிட்டன. வெளிச்சம் ஆழத்துக்குப் போகப் போகக் கொடியும் ஆழத்தில் முளைக்கிறது. பேர்ச் மீனும் பாஸ் மீனும் இந்தக் கொடி முடிகிற ஓரத்தில்தான் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த ஓரத்தைக் கண்டுபிடித்து அதன் மேலே நிற்பதுதான் பெரும்பாடு.

சிம்கோ ஏறக்குறைய 720 சதுர கிலோமீற்றர். வடமேற்குக் காற்று எழும்பினால் தடுக்க ஒன்றுமில்லை, கிட்டக் கிட்ட நிமிர்ந்த அலைகள் வரும். நங்கூரம் கொடிக்குள் வழுகும். தூண்டிலில் ஈயக்கட்டியைக் கட்டி இறக்கினால் தங்கூசி சரிந்துகொண்டு போகும், அடியைத் தொட்டதா தொடவில்லையா என்று தெரியாது. மச்சான் முன்னால் நின்று நங்கூரத்தோடு மல்லுக்கட்ட, நான் மோட்டரோடு. சித்தப்பா நடுப்பலகையில் இருந்து சொன்னார்: “தம்பி, மீன் கீழை நிக்குது. நாங்கள்தான் நிக்கிறம் இல்லை.” அன்றைக்கு நாலைந்து பேர்ச், அதில் இரண்டு விரலளவு. ஒரு சிறுவாய்ப் பாஸ் மட்டும் நல்ல ஆட்டம் காட்டியது. படகுக்குப் பக்கத்தில் வந்து தலையை உதறிக்கொண்டு மேலே பாய்ந்தபோது மச்சான் போட்ட சத்தம் கரைக்கே கேட்டிருக்கும். பிடித்துப் பார்த்தால் பித்தளை நிறம், சிவந்த கண். விட்டுவிட்டோம்.

சரி, இனிப் பனிக்காலம்.

ஜாக்சன்ஸ் பொயின்ற் பக்கத்தில் ஐஸ்மேல் இருந்து மீன் பிடிக்க ஹட் வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். காலையில் இருட்டோடு போய்ப் பெயரைச் சொன்னால், டயருக்குப் பதிலாகச் சங்கிலிப்பட்டை பூட்டிய பழைய பனி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் கொண்டுபோவார்கள். வாகனம் ஏரிக்குள் இறங்குகிற அந்த இடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம், சித்தப்பா உட்பட. பிறகு அவர் ஓட்டுநரிடம் ஐஸின் தடிப்பைக் கேட்டார். ஓட்டுநர் கையால் அளந்து காட்டினார், முழங்கைக்கு மேல்.

பொதுவாகச் சொல்கிற கணக்கு இது: தெளிவான, கறுப்பாகத் தெரிகிற ஐஸ் என்றால் 4 அங்குலத்தில் ஆள் நடக்கலாம், பனிமோட்டருக்கு 5 முதல் 7, சின்னக் காருக்கு 8க்கு மேல் வேண்டும். பனி விழுந்து ஊறி உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதிப் பலம்தான், அதனால் அதற்கு இரட்டிப்புத் தடிப்புத் தேவை. ஆனால் ஒரே ஏரியில் எல்லா இடமும் ஒரே தடிப்பு இல்லை. ஆறு விழுகிற வாய், நீரோட்டம் உள்ள இடம், அழுத்தத்தில் ஐஸ் பிளந்து மேடு கட்டுகிற வெடிப்பு, இவை எல்லாம் ஆபத்து. அதனால்தான் முதல்முறை போகிறவர்கள் தாங்களாக நடந்து போகாமல் ஹட்காரரோடு போவது நல்லது. அவர்கள் தினமும் அளக்கிறவர்கள்.

ஐஸ் சத்தமும் போடும். திடீரென்று தூரத்தில் தொடங்கி, காலுக்குக் கீழே ஓடி, மறுகரைப் பக்கம் போய் அடங்குகிற ஒரு குமுறல். குளிரில் ஐஸ் விரிந்து சுருங்குவதால் வருவது, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை என்று ஓட்டுநர் சொன்னார். “பெரும்பாலும்” என்றதை மச்சான் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஹட் என்பது ஒட்டுப்பலகையால் செய்த சின்ன அறை. இரண்டு பக்கமும் வாங்கு, மூலையில் கேஸ் அடுப்பு, தரையில் வெட்டிய சதுர ஓட்டைகள், அவற்றுக்கு நேர் கீழே ஓகர் என்கிற ஐஸ் துளைப்பானால் போட்ட வட்டங்கள். அடுப்பு எரிகிறபோது காற்றோட்டத் துவாரத்தை மட்டும் அடைக்கக் கூடாது, புகைவாயு மணம் தெரியாமல் ஆளைக் கொல்லும். உள்ளே அவ்வளவு சூடு, ஜாக்கெற்றைக் கழற்றிவிட்டு இருந்தோம். துளையில் மேலே படிகிற மெல்லிய ஐஸை ஓட்டைக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தால், கரும்பச்சைத் தண்ணீர், கொஞ்ச ஆழம்வரை தங்கூசி நேராக இறங்குவது அப்படியே தெரிகிறது.

அந்த நேர்கோடுதான் விஷயம். காற்று இழுக்காது, அலை தூக்காது, தூண்டிலை வீசி எறியத் தெரிய வேண்டியதில்லை. ஈயம் அடியைத் தொட்டதும் நுனி தளரும், ஒரு சாண் மேலே தூக்கினால் மீன் நிற்கிற மட்டம். ஒன்ராறியோவில் ஐஸில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். ஒன்றில் மின்னோ, அதாவது இரைக்கான சின்ன மீன், கோத்துச் சும்மா தொங்கவிட்டோம், மற்றதைக் கையில் வைத்து ஆட்டினோம். தடியே ஒரு முழம்தான்.

ஃபிளாஷர் என்று ஒரு கருவி வாடகைக்குக் கிடைக்கிறது, எடுங்கள். வட்ட முகப்பில் ஏரியின் அடி தடித்த கோடாகத் தெரியும், உங்கள் தூண்டில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. மீன் வரும்போது அடிக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு முளைத்து, சிவந்து, தூண்டிலை நோக்கி ஏறும். பேர்ச் பெரும்பாலும் தூண்டில் ஆடும்போது கடிப்பதில்லை. இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திவைக்க வேண்டும். இரண்டு கோடும் ஒட்டும். நுனி ஒரு நெல்லளவு வளையும். சில நேரம் வளையாமல், ஈயத்தின் பாரம் இல்லாததுபோல நுனி மேலே எழும்பும், மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேலே வருகிறது என்று அர்த்தம். அந்தக் கணத்தில் மணிக்கட்டைத் தூக்கினால் போதும். சித்தப்பா குருநகரில் வளர்ந்தவர், கடல் மீனின் இழுப்புக்குப் பழகிய கை. இந்த மெல்லிய கடி அவருக்கு முதலில் பிடிபடவே இல்லை. பத்து மணிக்குப் பிறகு ஒரு கூட்டம் வந்தது, அப்போது மூன்று பேரும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. மஞ்சள் உடம்பில் கரும்பச்சைப் பட்டை, செம்மஞ்சள் வயிற்றுச் செட்டை. வெளியே பனியில் எறிந்தவை கொஞ்ச நேரத்தில் விறைத்துப் பலகையாகிவிட்டன.

மத்தியானம் எங்களை ஆழமான பக்கத்து ஹட் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே ஏரி ட்ரௌட்டும் வைற்ஃபிஷும். தண்ணீர் 4 பாகையில்தான் மிகப் பாரமாக இருக்கும் என்று பள்ளியில் படித்தது இங்கேதான் உதவுகிறது: மேலே ஐஸ் மூடியிருக்க, அடியில் அந்த 4 பாகைத் தண்ணீர் தங்கி நிற்கிறது, மீன் அதற்குள் சௌகரியமாகத் திரிகிறது. மச்சானுக்கு ஒரு ட்ரௌட் கிடைத்தது. மேலே வந்ததும் ஹட்காரப் பெடியன் அதன் செட்டைகளைத்தான் முதலில் பார்த்தான். ஒன்று நறுக்கப்பட்டிருந்தது. குஞ்சாக வளர்த்து ஏரியில் விடுகிற மீன்களுக்கு அப்படி அடையாளம் வைக்கிறார்களாம். பொஸ்பரஸ் பாசியை வளர்க்க, பாசி அழுகி ஆழத்து ஒக்சிஜனைத் தின்ன, இந்த இரண்டு மீனும் தானாகப் பெருகுவது ஒரு காலத்தில் ஏறக்குறைய நின்றே போயிருந்தது. அதனால்தான் இந்த வளர்ப்பு. நறுக்காத செட்டையோடு வந்தால் அது ஏரியிலேயே பிறந்தது.

இந்த ஏரிக்கும் கூச்சிச்சிங் ஏரிக்கும் நடுவே உள்ள ஒடுக்கத்தில் பழங்குடி மக்கள் மரக்கம்புகளை நட்டு மீனை வழிமறித்துப் பிடித்த இடம் இருக்கிறது, ம்ஞ்சிகானிங். கி.மு. 3300 அளவில் இருந்தே பயன்பட்டது என்கிறார்கள், 1615இல் பிரெஞ்சுப் பயணி சம்ப்ளெயின் அதைப் பார்த்து எழுதியும் வைத்தார். இதைச் சொன்னபோது சித்தப்பா “அது எங்கடை களங்கண்டிதானே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கம்பு நட்டு வலை கட்டுவதைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். 18 முதல் 64 வயதுவரை லைசன்ஸ் வேண்டும், 65க்கு மேற்பட்ட கனடா வாசிகளுக்குத் தேவையில்லை, அடையாள அட்டை போதும். பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதியில் கனடா வாசிகள் யாரும் லைசன்ஸ் இல்லாமலே பிடிக்கலாம், ஆனால் எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்ற அளவு அன்றைக்குக் குறையும். மின்னோவை அங்கேயே வாங்குங்கள், பற்றுச்சீட்டை எறியாதீர்கள். உயிர் இரையை வேறு பக்கத்தில் இருந்து கொண்டுபோவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, மிஞ்சினதை ஏரிக்குள் ஊற்றவும் கூடாது. கழிப்பறை என்பது தூரத்தில் தெரிகிற ஒரு நீலப் பெட்டி, தேத்தண்ணீரை அளவோடு குடியுங்கள். மீன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போயிருந்தோம், ஹட்டுக்குள் இருந்து ரின் மீனைச் சாப்பிடுகிறோமே என்று மச்சானுக்குத்தான் கவலை.

வீட்டுக்கு வந்ததும் பேர்ச்சின் தோலை உரித்து, முள் இல்லாத துண்டாக வெட்டி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்தோம். சின்னத் துண்டு, பொரியலுக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ட்ரௌட் கொழுப்பு மீன், பழப்புளி விட்ட குழம்புக்கு ஈடுகொடுக்கும், பாலில் வைத்தால் எடுபடாது. வைற்ஃபிஷ் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஐஸ் ஒரே மாதிரிப் பிடிப்பதும் இல்லை. 2023-24 குளிர்காலம் மிதமாகப் போனதில் ஹட்காரர்கள் பலருக்குத் தொழிலே சரியாக நடக்கவில்லை. ஆகவே நாளைக் குறித்துவிட்டு முதல்நாள் பின்னேரம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.