மேல் கோல்

பார்சல் கொடுக்கும் வேலை எனக்கு. லண்டன் அப்டன் பார்க்கில் புது அடுக்குமாடி ஒன்றின் வாசலில் மணி அடித்துவிட்டு நிற்கிறேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா, "நீ நிற்கிறது பெனால்டி அடிக்கிற இடம்" என்றார்.

அந்த இடம் வெஸ்ட்ஹாம் ஃபுட்போல் கழகம் 1904 முதல் 112 வருஷம் விளையாடிய ஸ்டேடியமாம். 1944இல் ஜெர்மன்காரனின் பறக்கும் குண்டு விழுந்தும் தப்பியது, வீடு கட்டுகிறவர்களிடம் தப்பவில்லை. கழகம் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குக் குடிபோக, 2016 மே 10 கடைசி மெச். மான்செஸ்டர் யுனைடெட் வந்த பஸ்ஸுக்குப் போத்தல் எறிந்ததில் ஆட்டமே பிந்தித்தான் தொடங்கியது. மூன்றுக்கு இரண்டு, வெஸ்ட்ஹாம் வெற்றி. தாத்தா சின்ன வயதில் நின்று பார்த்த பக்கத்துக்குக் கோழிக்கூடு என்று பட்டப்பெயர். அதை 1968இலேயே இடித்துவிட்டார்கள். மனுஷன் அதற்கும் சேர்த்துக் கண் கலங்கினார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் இலங்கை மலைத் தேயிலைத் தோட்டத்தில் வீட்டுக்காக கிரவுண்ட் போனால் நாங்கள் பொங்கல் வைப்போம். வைத்தோமே! லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பராவில் நாலு தலைமுறை கிடந்தவர்களுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்றார்கள். மலையில் சமதரைக்கு எங்கே போவது? தேயிலையில் கைவைக்கத் தோட்டம் விடுமா? கிரவுண்டைத்தான் அளந்தார்கள். மேல் கோல் இருந்த இடத்தில் இப்போது அம்மாவின் குசினி.

எங்கள் கோல் போஸ்ட் என்றால் இரண்டு சவுக்குக் கம்பு, குறுக்கே ஒரு கயிறு. பந்து தேயிலைக்குள் உருண்டால் ஆகச் சின்னவன்தான் இறங்க வேண்டும். பந்தோடு காலில் நாலு அட்டையும் ஏறி வரும். பின்னேரம் மிஸ்ட் இறங்கினால் கோல்கீப்பரையே காணாது, அப்புறம் கோலா இல்லையா என்று சண்டை. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அக்காமார் மேட்டு ரோட்டில் நின்று கத்துவார்கள். அதுதான் எங்கள் கோழிக்கூடு.

இங்கே பழகிவிட்டேன், சரி. கிரீன் ஸ்ட்ரீட்டில் சேலை, நகை, மரக்கறி எல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் அந்த மாடிகளில் ஏறும்போது இது எந்த மூலை, எந்தக் கோல் என்று மனம் அளக்கத் தொடங்கி, பாதியில் அம்மாவின் குசினிக்குள் போய் நிற்கிறது.

தாத்தாவுக்காவது சந்தியில் உலகக் கோப்பையோடு அவர்கள் வெஸ்ட்ஹாம் ஆட்டக்காரர் பொபி மூர் சிலை இருக்கிறது. எங்கள் கம்பு கொஞ்ச நாள் உடுப்புக் காயப்போட உதவியது, பிறகு அடுப்புக்குப் போய்விட்டது.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் வான் பிடித்து ஹட்டன் டவுனில் டன்பார் மைதானத்துக்குப் போகிறார்கள். வான் காசு அனுப்புவது நான்தான். ஜேர்சியும் வேண்டுமாம். வெஸ்ட்ஹாம் ஜேர்சி வாங்கவா என்றேன். "அது யாரு அண்ணே? மான்செஸ்டர் வாங்குங்க" என்கிறான்கள்.