தொட்டுக்கொண்டிருக்கிறதா, கிளம்பிவிட்டதா?

நேற்று ரிசல்ட் வந்தது. உயர் மின்னழுத்தத் தாள், இரண்டாவது முயற்சியில் பாஸ். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி: மேலும் கீழும் மின்முனை வைத்த மின்காப்பு எண்ணெயில், அடியில் கிடக்கும் கடத்தித் துகள் எந்த மின்புலத்தில் மேலே எழும்பும்? சுலபமான பகுதி என்று ஒரே ராத்திரியில் படித்து மூடி வைத்திருந்தேன்.

செய்த தப்பு இதுதான். துகளின் மின்னூட்டத்தை மாறிலியாக எடுத்துக்கொண்டு, விசை புலத்துக்கு நேர்விகிதம் என்று எழுதிவிட்டேன். உரசலால் வந்த மின்னூட்டம் போல நினைத்ததுதான் காரணம். இங்கே துகள் அடி மின்முனையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. மின்முனையில் முளைத்த ஒரு மேடு மாதிரிதான் அது. புலம் ஏறினால் அதன் மின்னூட்டமும் சேர்ந்தே ஏறும். ஆகவே விசை புலத்தின் வர்க்கத்துக்குப் போகும். இது புரியாமல் எத்தனை பக்கம் எழுதினாலும் ஸ்டெப் மார்க்கோடு சரி.

கோளத்துக்கு: மின்னூட்டம் = 20.7 × திரவத்தின் விடுதிறன் (permittivity; சார்பு விடுதிறனை வெற்றிடத்தின் விடுதிறனால் பெருக்கியது) × ஆரத்தின் வர்க்கம் × புலம். தொட்டுக்கொண்டிருக்கும்போது தூக்கும் விசை, மின்னூட்டம் × புலம் × 0.832. அந்த 0.832-ஐ எல்லோரும் மறக்கிறார்கள். மின்முனைக்குள் கண்ணாடிப் பிம்பம் போலத் தெரியும் எதிர்க்குறி மின்னூட்டம் (பிம்ப மின்னூட்டம்) துகளைக் கீழே இழுப்பதால் வரும் குறைவு அது. துகள் நன்றாக விலகிய பின் இந்த 0.832 தேவையில்லை.

இரண்டாம் முறை விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் முதலில் எழுதியதே “தொடுகிறதா, கிளம்பிவிட்டதா?” என்றுதான். மற்ற டிப்ஸ் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. 0.5 மி.மீ. ஆரமுள்ள அலுமினியக் குண்டு, அடர்த்தி 2700. எண்ணெயின் அடர்த்தி 870, சார்பு விடுதிறன் 2.2. அடர்த்தி இரண்டும் கன மீட்டருக்குக் கிலோகிராமில். தூக்கும் விசை, எடையில் மிதப்பு விசை போக மிஞ்சியதற்குச் சமமாகும் புலம் எது? விடை செ.மீ.க்குச் சுமார் 3.35 கிலோவோல்ட்.

3.06 வந்தால் 0.832-ஐ விட்டிருக்கிறீர்கள்.
4.07 வந்தால் மிதப்பு விசையைக் கழிக்கவில்லை.
4.97 வந்தால் 2.2 எங்கேயோ தொலைந்திருக்கிறது.

நான் தப்பைத் தேடியே படிக்கிற ஆள், அதனால் இந்தப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். இன்னொன்று: ஆரம் நான்கு மடங்கானால் எழும்பத் தேவையான புலம் இரண்டு மடங்குதான்.

வைவாவில் கேட்டது, மேல் மின்முனையைத் தொட்டதும் துகளுக்கு என்ன ஆகும் என்று. பழைய மின்னூட்டத்தைக் கொடுத்துவிட்டு எதிர்க்குறியோடு திரும்பும். இப்படி மேலும் கீழும் போய்வந்து மின்னோட்டத்தைச் சுமக்கும். இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி: வழியிலேயே மின்னூட்டம் கசிந்துவிடாதா? இதற்குத் தளர்வு நேரம் தெரிந்திருக்க வேண்டும், அதாவது விடுதிறனைக் கடத்துதிறனால் வகுத்தது. கடத்துதிறன் மீட்டருக்கு 10⁻¹² சீமென்ஸ் உள்ள எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 20 விநாடி. துகள் அதைவிட வெகு சீக்கிரம் கடந்துவிட்டால் கவலையில்லை. எண்ணெய் அழுக்காகிக் கடத்துதிறன் நூறு மடங்கு ஏறினால் அதுவே 0.2 விநாடி ஆகிவிடும். அப்போது துகள் பாதி வழியிலேயே சோர்ந்துவிடலாம்.

படுத்துக் கிடக்கும் உருளைத் துகளுக்கு 0.832-க்குப் பதில் வேறு காரணி, 0.715. நான் படித்துக்கொண்டு போனேன். கேட்கவே இல்லை.