சென்னை–யாழ்ப்பாணம்: மதுரையைவிடப் பக்கம்!

யாழ்ப்பாணம் போகிறவர்கள் இன்னமும் கொழும்புக்கு டிக்கெட் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீட்டர்தான், மதுரைக்கே அதைவிட அதிகம்! கொழும்பில் இறங்கினால் வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ரயிலோ பஸ்ஸோ பாதி நாளை விழுங்கிவிடும். நேரடி விமானம் 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. ஓடுவது ஏடிஆர் 72, விசிறி வைத்த சின்ன விமானம், ஜெட் வேகம் கிடையாது, அதனால்தான் இவ்வளவு கிட்டத்துக்கும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆனால் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதை அது மறைக்காது, பாக்கு நீரிணை நன்றாகத் தெரியும். அப்புறம், இது வெளிநாட்டுப் பயணம், மூன்று மணி நேரம் முன்னாடியே மீனம்பாக்கம் போய்விடுங்கள்.