எம்.ஏ. தத்துவம் படிக்கப் போகிறீர்களா? எதிராளியிடமிருந்து தொடங்குங்கள்

எம்.ஏ. தத்துவத்தில் சேர்கிறவர்களில் பலர் இளங்கலையில் வேறு எதையோ படித்துவிட்டு வருகிறவர்கள்தான். என் வகுப்பில் பி.காம். முடித்தவர்கள், இயற்பியல் படித்தவர்கள், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்று எல்லாரும் இருந்தோம். அதனால் 'அடிப்படை தெரியாதே' என்ற பயம் வேண்டாம். சொந்தக்காரர்களுக்குத்தான் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். "தத்துவமா? ஏம்ப்பா, சாமியாராப் போறியா?" என்று என் பெரியப்பா கேட்டார். எம்.ஏ. முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் தத்துவத் துறை இருக்கிறது. 1964இல் அது உயர் ஆய்வு மையமாக ஆனபோது அதன் முதல் இயக்குநராக இருந்தவர் டி.எம்.பி. மகாதேவன். இப்போது ராதாகிருஷ்ணன் பெயரில் இயங்குகிறது. எங்கே சேர்ந்தாலும் நான்கு செமஸ்டரில் வரும் தாள்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: இந்தியத் தத்துவம், மேலைத் தத்துவம், அறவியல், தருக்கம், சமகாலச் சிந்தனை, அப்புறம் விருப்பப்பாடங்கள்.

முதல் செமஸ்டரில் எல்லோரும் தடிமனான வரலாற்று நூல்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைவார்கள். அவை வேண்டும்தான். இந்தியத் தத்துவத்துக்கு 1932இல் வந்த ஹிரியண்ணாவின் நூல் இன்றும் நல்ல வழித்துணை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், 'கான்ட் இப்படிச் சொன்னார், ஹெகல் அப்படிச் சொன்னார்' என்று பட்டியல் ஒப்பிக்கத்தான் வரும். மூலநூல்களில் சின்னதாகப் பார்த்து எடுங்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட்டின் 'தியானங்கள்' நூலில் இருப்பவை ஆறே ஆறு. 1641இல் எழுதிய அதை ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். கான்ட்டின் பெரிய நூலான 'தூய அறிவின் விமர்சன'த்தில் நேராக இறங்காமல், அவரே 1783இல் சுருக்கி எழுதிய புரோலெகோமெனாவிலிருந்து தொடங்கலாம். நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபுக்கு அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகம். அவரே எழுதிய தீபிகை உரையோடு படித்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

எதைப் படித்தாலும் நான் பார்த்த ஒரு விஷயம்: இவர் யாரோடு சண்டை போடுகிறார்? அது தெரியாமல் படித்தால் எந்தத் தத்துவவாதியும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பவர் போலத்தான் தெரிவார். நம் மரபில் இதற்கு முறையே இருக்கிறது. பூர்வபட்சம், அதாவது எதிர்த்தரப்பின் வாதம், முதலில். தன் முடிவு பிறகு. அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதி முழுவதையும் பிறர் கொள்கைகளுக்குக் கொடுத்து, காண்பதை மட்டுமே நம்பும் உலகாயதத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றையும் சொல்லி மறுத்த பிறகே தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார். மணிமேகலையின் 27ஆம் காதையிலும் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியையும் பேசவிட்டுக் கேட்கிறாள். தமிழ்வழி படித்து வந்தவர்களுக்கு இது பெரிய கைமுதல். 29ஆம் காதையில் அளவையும் (அறியும் வழிகள்) போலி ஏதுக்களும் (பிழையான காரணங்கள்) வருகிற இடத்தை, பௌத்தத் தருக்கம் நடத்தும் வாரத்தில் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். 'அனுமானத்தைச் சார்வாகர் மறுப்பதை விளக்குக' என்பது அடிக்கடி வரும் கேள்வி. (அனுமானம் என்றால் தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததை ஊகித்து அறிவது; சார்வாகர் என்பது உலகாயதரின் இன்னொரு பெயர்.) பலரும் 'காண்பதே உண்மை என்பார்கள், கடன் வாங்கியாவது நெய் உண் என்பார்கள்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வாதம் அதில் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் தொகுத்த சர்வதரிசன சங்கிரகத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. மலையில் புகை தெரிகிறது, எனவே நெருப்பு இருக்கிறது என்கிறோம். இதற்குப் 'புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு' என்ற வியாப்தி, அதாவது விலகாத தொடர்பு, தெரிந்திருக்க வேண்டும். அது எப்படித் தெரிந்தது? கண்ணால் என்றால், எல்லா ஊர்ப் புகையையும் நாளைக்கு வரப்போகும் புகையையும் யார் பார்த்தார்? இன்னோர் அனுமானத்தால் என்றால், அதற்கு ஒரு வியாப்தி, அதற்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வருகிறார் சார்வாகர். நம்பிப் போனால் நெருப்பு கிடைக்கிறதே என்று கேட்டால், அது தற்செயல் என்கிறார்.

இதைப் படித்தவுடன் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹ்யூம் நினைவுக்கு வருவார். அவர் 1748இல் எழுதியதும் இதே சிக்கல்தான். ஆனால் 'சார்வாகர் இந்தியாவின் ஹ்யூம்' என்று எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள். ஹ்யூம் அனுமானத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அது பகுத்தறிவிலிருந்து வராமல் பழக்கத்திலிருந்து வருகிறது என்றார். சார்வாகர் அதை அறிவுக்கான வழியாகவே ஏற்கவில்லை. இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, சார்வாகருக்குப் பதில் சொன்ன நியாய மரபினர் உதயனருக்குப் போங்கள். "வேறு இடத்தில், வேறு காலத்தில் பொய்யாகலாம் என்று சந்தேகப்படுகிறாயே, அந்த இடமும் காலமும் உனக்கு எப்படித் தெரியும்? அனுமானத்தால்தானே?" என்பது அவர் மடக்கும் இடம். சந்தேகத்துக்கும் எல்லை உண்டு, சொந்த நடத்தையோடு முரண்படும் இடத்தில் அது நின்றுவிடும் என்கிறார். பின்னால் வந்த அத்வைதி ஸ்ரீஹர்ஷர், உதயனர் இதைச் சொன்ன சுலோகத்திலேயே சில சொற்களை மட்டும் மாற்றி உதயனர் மீதே திருப்பிவிட்டார். இவ்வளவும் மூன்று பக்கத்துக்குள் அடங்கும். திருத்துகிறவருக்கும் படிக்கச் சுவாரசியமாக இருக்கும்.

இப்படி எழுதப் பழக, ஒரு தாளை எடுத்து நான்கு வரிகளுக்குள் வாதத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். முடிவு என்ன, அதற்குக் காரணங்கள் எவை, எந்தக் காரணத்தில் கைவைத்தால் முடிவு ஆடும்? அடைமொழியும் புகழுரையும் வேண்டாம். செமினாரில் நண்பர் ஒருவரை எதிர்த்தரப்பாக உட்கார வைத்து, "நான் சொன்னது உன் கருத்துதானா?" என்று கேட்டுவிட்டு மறுக்கத் தொடங்குங்கள். எங்கள் வகுப்பில் சூடு பறந்த விவாதங்களில் பாதி இந்தக் கேள்வியிலேயே அணைந்துவிடும்.

குறியீட்டுத் தருக்கம் கணக்கு மாதிரி. தினமும் நாலு நிறுவல் போட்டால் வரும், இல்லாவிட்டால் அரியர்தான். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இணையத்தில் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இலவசம். துறை அறிஞர்களே எழுதியது. சந்தேகம் வந்தால் யூடியூபுக்கு முன்னால் அங்கே பாருங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் கட்டுரையின் முன்னுரையை மட்டும் நிதானமாகப் படித்தாலே போதும்.

ஆய்வேட்டுத் தலைப்பில் ஆசைப்படாதீர்கள். 'சங்கரரும் கான்ட்டும்' என்று வைத்தால் இருவரையும் அரைகுறையாகத்தான் எழுத முடியும். ஒரு வாதம், ஒரு மறுப்பு, அந்த மறுப்பு நிற்குமா என்ற ஒரு கேள்வி. ஒரு செமஸ்டருக்கு அதுவே அதிகம்.

வேலை விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. கல்லூரிகளில் தத்துவத் துறைகள் குறைவு, இடங்களும் குறைவு. கற்பிக்க வேண்டுமானால் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுத வேண்டியிருக்கும். மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது, எனவே எதையும் விடாமல் எழுதுங்கள். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால், தமிழில் படிப்பவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ள வேண்டும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்விலும் தத்துவத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண், பாடத்திட்டமும் மற்றவற்றைவிடச் சிறியது. அங்கே விடையைத் தமிழில் எழுத அனுமதி உண்டு. கேள்வித்தாள் மட்டும் அங்கேயும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.