மார்பகப் புற்று ஆபரேஷனுக்கு அப்புறம் கை வீங்கியது: நான் எடுத்துக்கொண்ட சிகிச்சை

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, கொட்டின முடிகூட வளர்ந்துவிட்ட பிறகுதான் வலது கை வீங்க ஆரம்பித்தது. ஜாக்கெட்தான் முதலில் காட்டிக்கொடுத்தது; இடது கையில் தாராளமாக இருப்பது வலது கையில் தடம் பதிக்கிற அளவுக்குப் பிடித்தது. வலி இல்லை, ஒரு பாரம் மட்டும், சாயங்காலமானால் கூடும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும்.

பக்கத்தில் இருந்த டாக்டர் நீர் பிரிய மாத்திரை எழுதிக்கொடுத்தார். ராத்திரி பாத்ரூமுக்கு நடந்ததுதான் மிச்சம். புற்றுநோய் டாக்டரிடம் கையைக் காட்டியபோதுதான் இது நிணநீர் வீக்கம் (லிம்ஃபெடீமா) என்று விளங்கியது. ரத்தக் குழாய்களிலிருந்து தசைக்கும் தோலுக்கும் கசிகிற நீரில் ஒரு பங்கு, புரதத்தையும் கிருமிகளையும் சேர்த்துக்கொண்டு, தனிக் குழாய்களில் நிணநீராக ஓடி, வழியில் கணுக்களில் வடிகட்டப்பட்டு, கழுத்தடியில் இருக்கிற பெரிய ரத்தக்குழாய்களில் சேர்கிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதுவும் இந்தக் கணுதான். எனக்கு அக்குளில் இருந்தவற்றை ஆபரேஷனில் எடுத்தாயிற்று, மிஞ்சிய குழாய்களை ரேடியேஷன் இறுக்கிவிட்டது. மாத்திரையால் தண்ணீர்தான் போகும். தேங்கிய புரதம் அங்கேயே கிடந்து மறுபடியும் நீரை இழுக்கும்.

"ஏம்மா, யானைக்கால் கையில கூட வருமா?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். அதில் கொசு கொண்டுவரும் புழு இதே குழாய்களில் குடியேறிக் கெடுக்கிறது, எனக்கு வைத்தியமே கெடுத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வீக்கத்துக்கென்று பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட் எங்கள் ஊரில் கிடையாது, பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். அந்தப் பெண் மணிக்கட்டிலிருந்து மேலே நாலு நாலு சென்டிமீட்டருக்குப் பேனாவால் கோடு போட்டு, டேப்பால் சுற்றளவு எடுத்து, இரண்டு கைக்கும் எழுதிக்கொண்டார். மசாஜ் என்றதும் கையைப் பிடித்து அமுக்குவார் என்று நினைத்தேன். அவர் கழுத்தில் ஆரம்பித்தார், அடுத்து நல்ல பக்கத்து அக்குள், கடைசியில்தான் வீங்கிய கை. போகிற வழியை முதலில் காலி பண்ணணும் அக்கா என்றார். பூனையைத் தடவுகிற மாதிரி அவ்வளவு லேசான அழுத்தம், ஏனென்றால் அந்தக் குழாய்கள் தோலுக்கு ஒட்டியே ஓடுகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் பிரான்ஸில் இருந்தபோது உருவாக்கிய முறையாம்.

உண்மையான வேலை கட்டுப் போடுவதில்தான் இருக்கிறது. விரல் விரலாகச் சுற்றி, கைக்குப் பருத்தி உறை மாட்டி, மேலே பஞ்சு, அதற்கு மேல் அதிகம் இழுபடாத பேண்டேஜ். மெடிக்கலில் கிடைக்கிற கிரேப் பேண்டேஜ் இதற்கு ஆகாது, அது கூடவே இழுத்துக் கொடுத்துவிடும். இது விறைப்பாக நிற்பதால், கையை ஆட்டி தசை புடைக்கும் ஒவ்வொரு தடவையும் நீர் மேலே தள்ளப்படுகிறது. அதனால் கட்டோடு சும்மா உட்காரக்கூடாது, வேலை செய்ய வேண்டும். அதுவும் மே மாத வெயிலில். உள்ளே அரிக்கும், சொறிய முடியாது. ரசம் சாதத்தை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன், தலை பின்னிவிட்டது வீட்டுக்காரர், பின்னல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

அளவு இறங்குவது நின்றதும் கட்டை விட்டு, கை நீளத்துக்கு அளவெடுத்துத் தைத்த இறுக்கமான உறைக்கு மாறினேன். விலை அதிகம், இன்சூரன்ஸில் பணம் வரவில்லை, ஆறு மாதத்தில் இறுக்கம் தளர்ந்து புதிது வாங்க வேண்டும். வீக்கம் முழுசாகப் போகவில்லை, போகாது என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள்.

குடம் தூக்காதே, பை தூக்காதே என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனால் எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கினால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009லேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வு வந்துவிட்டது. பிசியோ சொல்லிக்கொடுத்தபடி சின்ன டம்பெல்லில் தொடங்கிச் செய்கிறேன்.

கவனமாக இருக்க வேண்டியது தோல் விஷயத்தில்தான். ஒரு தடவை கொசு கடித்த இடத்தைச் சொறிந்து, ராத்திரிக்குள் முழங்கை வரை சிவந்து, சூடேறி, குளிர்க் காய்ச்சல் வந்துவிட்டது. அன்றைக்கே போனதால் ஆன்டிபயாடிக் மாத்திரையோடு முடிந்தது, தள்ளிப்போட்டிருந்தால் அட்மிட் ஆகியிருக்க வேண்டுமாம். இப்போது பாத்திரம் தேய்க்க, செடிக்கு மண் கிளற, எல்லாவற்றுக்கும் கிளவுஸ்தான். வீட்டில் கேலி பண்ணுகிறார்கள், பண்ணட்டும்.