கழுவுவதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

இந்தக் கடற்கரையில் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு எதிரிகள்: சீமைக்கருவேல முள், உப்பு. முள் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதனால் ரொம்பத் திட்ட முடியாது. பஞ்சர் ஆனால் வண்டி நின்றுவிடும், ஆள் தள்ளிக்கொண்டு கடைக்கு வருவார். உப்பு ஏறினால் வண்டி நிற்காது. செயின், ஸ்போக்ஸ், பால்ரஸ் என்று ஒவ்வொன்றாக அரித்துவிட்டு, என்றோ ஒருநாள் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கழுத்தோடு முறியும். அன்றைக்கு வந்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பார்கள்.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, ராமேஸ்வரம் போகிற சாலையோரம் எங்கள் கடை. 2017-இல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின், மதுரைப் பக்கமிருந்து கியர் சைக்கிள் பையன்கள் விடுமுறை நாட்களில் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒரு தம்பி போனில் காட்டித்தான் டூர் டி பிரான்ஸ் என்கிற பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயம் எனக்குப் பழக்கம். ஜூலை மாதம், அன்றன்றைய ஓட்டம் நம் நேரப்படி இரவு ஒன்பது மணிவாக்கில் முடியும். கடை அடைக்கிற நேரம், வசதியாகப் போயிற்று.

1903-இல் தொடங்கிய பந்தயம் அது. இப்போது 21 நாள் ஓட்டம், நடுவே இரண்டு நாள் ஓய்வு, மொத்தம் 3,300 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. ஒருநாள்கூட முதலாவதாக வராதவர் மொத்தத்தில் ஜெயித்துவிடலாம். 1989-இல் கிரெக் லெமாண்ட், லோரான் ஃபின்யோனை வென்றது எட்டே வினாடியில். டியூபுக்குக் காற்றடித்து வால்வு மூடியைத் திருகவே எனக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஆனால் நான் பார்ப்பது ஓட்டுகிறவர்களை அல்ல. ஓட்டம் முடிந்தபின் அணியின் லாரி ஓரமாக நடக்கிற வேலையைத்தான். அணிக்கு எட்டு ஆட்கள். அவர்களுடைய சைக்கிள்களைத் தாங்கியில் மாட்டி, சோப்பு நுரை போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவுகிறார்கள். அப்புறம் செயினுக்கு எண்ணெய், டயரில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, கியர் மாற்றுகிற பேட்டரிக்குச் சார்ஜ். அன்று ஒன்றுமே ஆகாத வண்டிக்கும் இதே மரியாதைதான். மறுநாள் காலையில் அது மறுபடி ஓடியாக வேண்டுமே.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவரும் அந்த ரகம். டியூபில் ஓட்டையைக் கண்டதும் சொல்யூஷன் தடவ விடமாட்டார். டயருக்குள் விரலை ஓட்டி, முறிந்து நிற்கும் முள் நுனியைப் பிடுங்கி எடுத்துக் காட்டினால்தான் ஒட்டலாம். அது உள்ளே இருந்தால் ஆள் அடுத்த ஊர் போவதற்குள் மறுபடி இறங்கிவிடும். ஒட்டுவதற்குத்தான் காசு, தேடுவதற்கு ஒரு பைசா கிடையாது.

ஜூலையில் இங்கே கச்சான் காற்று. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிச் சாலை தென்கிழக்காகப் போகிறது, கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. போகும்போது வலது விலாவில் அடிக்கும். எதிர்க்காற்று என்றால் முன்னால் போகிறவன் முதுகுக்கு நேர் பின்னால் ஒதுங்கலாம். பக்கக்காற்றில் அந்தப் பாச்சா பலிக்காது. அவனுக்குச் சற்று இடப்பக்கமாகப் பின்னால் வர வேண்டும், அடுத்தவன் இன்னும் இடப்பக்கம். இப்படிச் சாய்வாகப் போனால் சாலை அகலத்துக்கு எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. மிச்சப் பேர் ஓரத்தில் காற்றை வாங்கிக்கொண்டு திணறுவார்கள். ஒருவன் முன்னவனை விட்டுப் பின்தங்கினால் கூட்டம் அங்கேயே அறுந்துவிடும். 2020 டூரில், லாவூர் என்கிற ஊருக்குப் போன நாளில் தடேய் போகச்சார் இப்படி அறுபட்டு 1 நிமிடம் 21 வினாடி இழந்தார். கடைசியில் அந்த ஆண்டு ஜெயித்தது அவர்தான். டூரில் சாலையை அடைத்து முழு அகலத்தையும் கொடுக்கிறார்கள். இங்கே எதிரே சுற்றுலா வேன் வரும். இந்த வித்தையைத் தனுஷ்கோடிச் சாலையில் காட்டப் பார்த்த பையன்களை நன்றாகவே திட்டியிருக்கிறேன்.

அந்தக் காற்று மணலையும் உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. எண்ணெய் விட்ட செயினில் இரண்டும் அப்பிக்கொள்ளும். அப்படியே காரில் மாட்டி மதுரைக்குக் கொண்டுபோனால் மறுநாள் செயின் சிவந்திருக்கும்.

பழைய கதை ஒன்றும் அந்தத் தம்பிதான் சொன்னான். 1913 டூரில் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவருக்கு பிரனீஸ் மலைத்தொடரில், தூர்மலே இறக்கத்தில் ஃபோர்க் முறிந்துவிட்டது. அன்றைய விதிப்படி யாரும் உதவக்கூடாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, அடிவாரத்துக் கொல்லன் பட்டறையில் தானே காய்ச்சி அடித்து ஒட்டினார். துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். பந்தய அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டே இருந்து, துருத்தி ஊதியது உதவிதான் என்று தண்டனையாக நேரத்தைக் கூட்டினார்கள். இப்படியும் ஆட்கள்! 1919-இல் மஞ்சள் சட்டை அறிமுகமானபோது முதலில் போட்டுக்கொண்டவர் இதே கிறிஸ்டோஃப். அந்த ஆண்டும், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி ஃபோர்க் முறிந்து, முதலிடம் போயிற்று. மற்றவர்கள் இதை வீரக் கதையாகக் கேட்கிறார்கள். எனக்கு அந்த இரும்பின் மேல்தான் சந்தேகம்.

சரி, டூர் மாதிரி நாமும் கழுவலாம் என்றால் தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் கடைப் பக்கம் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதை. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். அதனால் ஹோஸ் பைப் கிடையாது. ஒரு வாளி நல்ல தண்ணீர், சோப்பு, இரண்டு துணி. முதலில் காய்ந்த பிரஷ்ஷால் மணலை உதறிவிட்டு, ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைத்து வந்தால் வாளித் தண்ணீரிலேயே வேலை முடியும்.

மதுரைப் பையன்கள் கூலி கொடுத்துவிடுகிறார்கள். உள்ளூரில் அது நடக்காது. மீன்காரர்கள் பெரும்பாலும் டிவிஎஸ் 50-க்கு மாறியாயிற்று. சைக்கிளை விடாத ஒரு பெரியவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, வாரம் ஒருக்கா கழுவி எண்ணெய் போட்டுருவோமா?"

"நாளைக்கும் பெட்டியிலேர்ந்து மீன் தண்ணி வடியத்தானே தம்பி போவுது?"

அவர் கேட்பதும் ஞாயம்தான். இப்போது அவர் வண்டி பஞ்சருக்கு வந்தால், டியூப் காய்கிற நேரத்தில் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் நனைத்து ஃபோர்க், கேரியர் எல்லாம் ஒரு தடவு தடவிவிடுகிறேன். ரிம்மில் மட்டும் பட்டுவிடக்கூடாது, பிரேக் பிடிக்காது.