சந்நிதி முதல் கதிர்காமம் வரை

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கிய எங்கள் பாதயாத்திரை, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக உகந்தையை அடைந்து, குமண, யால காடுகளைக் கடந்து நேற்றுக் கதிர்காமத்தில் நிறைவுற்றது. வெருகலில் கால் கொப்புளம் உடைந்து நான் திண்ணையில் சாய்ந்துவிட்டபோது, பெயர்கூடக் கேட்காமல் வெந்நீரும் மஞ்சளும் கொண்டுவந்து வைத்து, "வெயிலேற முதல் வெளிக்கிடுங்க மகன்" என்று சொல்லிச் சென்ற அம்மாவுக்கு முதல் நன்றி. என் பையையும் சேர்த்துச் சுமந்த நண்பர்களுக்கு நேரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். காட்டுக்குள், குடிநீர் தீர்ந்த நடுப்பகலில், தமது போத்தலில் எஞ்சியதில் பாதியை எனக்கு ஊற்றித் தந்த சிங்களப் பெரியவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் 'அரோகரா'. கதிர்காமத்து ஆறான மாணிக்க கங்கையில் இறங்கியதும் அவரைத் தேடினேன், கூட்டத்தில் காணவில்லை.